கிடந்த இடமே சான்று

மனிதர்கள் செய்த, பயன்படுத்திய, எறிந்த, புதைத்த பொருள்களைக் கொண்டு அவர்கள் வாழ்ந்த முறையை அறியும் துறை தொல்லியல். எழுத்து தோன்றுவதற்கு முந்தைய காலத்தை அறிய இதுவே முதன்மையான வழி. எழுத்து வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. கல்வெட்டும் செப்பேடும் அரசரைப் பற்றியும் கொடையைப் பற்றியும் விரிவாகப் பேசும். குயவர் வீட்டில் என்ன சமைத்தார்கள், நெசவாளி எந்த ஊர்ப் பாசிமணியை அணிந்தார் என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது பெரும்பாலும் குப்பைதான்: உடைந்த பானை, எரிந்த கரி, தின்று எறிந்த எலும்பு, தேய்ந்துபோன தக்களி.

இவற்றுக்குச் சந்தையில் விலை கிடையாது. எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்ற குறிப்புதான் இவற்றைச் சான்றாக்குகிறது. குறிப்பில்லாமல் எடுக்கப்பட்ட தங்க நெற்றிப்பட்டத்தைவிட, இடம் பதிவான ஒரு கைப்பிடிக் கரி ஆய்வாளருக்கு அதிகம் சொல்லும். இது மிகைப்படுத்தல் அன்று என்பதற்கு ஆதிச்சநல்லூரின் வரலாறே போதும்.

தாமிரபரணியின் தென்கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், சுமார் 114 ஏக்கரில் பரந்து கிடக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் ஜாகோர் இங்கே தோண்டினார். கிடைத்தவை கப்பலேறி ஜெர்மனிக்குப் போயின. பிறகு 1899 முதல் 1905 வரையிலான ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ தோண்டி, முதுமக்கள் தாழிகள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் என ஏராளமாக எடுத்தார். 1915இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் நூலும் வெளிவந்தது. அந்தக் காலத்து அளவுகோலில் ரீ பொறுப்பானவர்தான். ஆனால் மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்துப் பதிவுசெய்யும் முறை அப்போது இங்கே வரவில்லை. கரியைக் கொண்டு காலம் கணிக்கும் முறை உலகிலேயே இல்லை. விளைவு, இந்தியாவின் மிகச் செழுமையான ஈமக்காட்டுத் தொகுப்புகளில் ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தும் அதன் வயது பற்றிய வாதம் ஒரு நூற்றாண்டுக்கு ஓயவில்லை. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அங்கே இறங்கியபோது, சுமார் 600 சதுர மீட்டர் பரப்பில் மட்டும் 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. ஒரு தலைமுறை புதைத்த இடத்தின் மேலேயே அடுத்தடுத்த தலைமுறைகள் புதைத்திருந்ததும் அப்போது பதிவாயிற்று.

மேடு, திடல், குழி

அகழாய்வு மண்வெட்டியோடு தொடங்குவதில்லை. முதல் வேலை நடப்பது. வருவாய்த் துறை வரைபடம், செயற்கைக்கோள் படம், ஊர்ப் பெயர் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் வயலும் வரப்புமாகச் சுற்றுவார்கள். இதற்கு மேற்பரப்பாய்வு என்று பெயர். நத்தமேடு, கோட்டைமேடு, திடல் போன்ற பெயர்கள் பழைய குடியிருப்புக்குத் துப்பு. பாண்டவர் குழி, பாண்டியன் குழி, வாலியர் வீடு என்று ஊரார் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களாக இருக்கும். உழுத நிலத்தில் சிதறிக் கிடக்கும் கறுப்பு-சிவப்பு ஓடுகள், கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணில் தெரியும் செங்கல் துண்டுகள், சுற்றியுள்ள நிலத்தைவிடச் சாம்பல் நிறம் ஏறிய மண் ஆகியவையும் அடையாளங்கள்.

மேற்பரப்பில் கிடைத்த ஒரே ஒரு கல்கூட ஒரு துறையைத் தொடங்கிவைத்துவிடலாம். 1863 மே 30 அன்று, புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியருகே ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அறியப்பட்ட முதல் தடயம் அதுதான். இந்தியத் தொல்லியல் துறை அப்போது தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

வைகைக் கரையில் நடந்தது இதைவிடத் திட்டமிட்ட வேலை. 2013-14இல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் இந்தியத் தொல்லியல் துறைக் குழுவொன்று ஆற்றை ஒட்டி நெடுகிலும் ஆய்ந்து 293 தொல்லியல் இடங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். அந்த மேடு சுமார் 110 ஏக்கர். பெரும்பகுதி தென்னந்தோப்பாக இருந்ததால் மேலே வீடுகள் எழவில்லை. கீழே இருந்ததும் அவ்வளவாகக் கலையவில்லை. அந்த ஊரில் பழம்பொருள்கள் கிடைப்பதை ஒரு பள்ளி வரலாற்று ஆசிரியர் 1970களிலேயே கவனித்துத் துறைக்குத் தெரிவித்திருந்தார். அகழாய்வு வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

மண்ணைப் படிப்பது

ஓர் இடத்தில் மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தால் தரை உயர்ந்துகொண்டே போகும். இடிந்த சுவர், அடுப்புச் சாம்பல், வெள்ளம் கொண்டுவந்த வண்டல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். ஆகவே கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது. விதி எளிது; நடைமுறையில்தான் அது சோதிக்கும். பிற்காலத்தார் ஒருவர் உறைகிணறு தோண்டியிருந்தால், கீழே இருந்த பழைய மண் மேலே கொட்டப்பட்டிருக்கும். கிணறு தூர்ந்தபின் புதிய குப்பை ஆழத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். எலி வளை, மர வேர், பிற்காலக் குழி எல்லாம் இப்படிப்பட்ட குழப்பத்தை உண்டாக்கும். வெறும் ஆழத்தை வைத்து வயது சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். மூன்று மீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்ற செய்தி, அந்த அடுக்கு கலையாதது என்று காட்டப்பட்டால் மட்டுமே பொருள் தரும்.

அதனால்தான் அகழாய்வுக் குழிகள் இடுகாட்டுக் குழிகளைப் போலக் கண்ட இடத்தில் வெட்டப்படுவதில்லை. நிலம் முழுவதையும் சதுரங்களாகப் பிரித்து நூல் கட்டுவார்கள். தமிழகத்தில் 10 மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்துக் குழியிடுவது வழக்கம். குழிகளுக்கு நடுவே வரப்பு போன்ற மண்சுவர் விடப்படும். நடப்பதற்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் முதன்மையான பயன் அதன் பக்கவாட்டுத் தோற்றம். அடுக்குகள் நிறம் நிறமாகத் தெரியும் அந்தச் சுவரை நாள்தோறும் சீவி, அளந்து, வரைந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் எண் கொடுக்கிறார்கள். சிறு கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மண்ணைச் சுரண்டி, சட்டியில் வாரி, சல்லடையில் சலிக்கிறார்கள். பொருள் எதுவானாலும் அது எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை சென்டிமீட்டர் என்ற சீட்டோடுதான் பைக்குள் போகும். மனிதரின் தடயமே இல்லாத கன்னிமண் வரும்வரை இது தொடரும். இந்த வேலையில் பெரும்பங்கு உள்ளூர்த் தினக்கூலித் தொழிலாளர்களுடையது, குறிப்பாகப் பெண்களுடையது. மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறுவதைக் கரண்டி முனையிலேயே உணரும் கைகள் சில பருவங்களில் உருவாகிவிடுகின்றன. அறிக்கையின் முகப்பில் அந்தப் பெயர்கள் வருவதில்லை.

தென்னிந்தியாவில் இந்த ஒழுங்கு வேரூன்றக் காரணமாக இருந்த இடம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழ்ந்தார். உரோமானிய ஆம்போரா சாடிகளின் துண்டுகளோடு, இத்தாலியின் அரெசோ நகரப் பட்டறைகளில் செய்யப்பட்ட சிவப்பு மெருகுக் கலங்களின் துண்டுகளும் கிடைத்தன. சிலவற்றில் பட்டறை முத்திரையும் இருந்தது. அந்தக் கலங்கள் எப்போது செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் முன்பே தெரியும்: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதிக்குப் பிறகு அவை வரவில்லை. ஆகவே அவை கிடந்த மண்ணடுக்குக்கு ஒரு தேதி கிடைத்தது. அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதே தேதி. அந்த உள்ளூர்ப் பானைகள் வேறோர் ஊரில் கிடைத்தால் அந்த ஊரின் அடுக்குக்கும் ஒரு காலம் சொல்லலாம். இத்தாலியில் உடைந்திருக்க வேண்டிய ஒரு தட்டு, தக்காணத்து ஊர்கள் பலவற்றுக்குக் காலக்கணக்கு கொடுத்தது இப்படித்தான்.

அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீலர் 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அகழ்ந்து, அரிக்கமேட்டு ஓடுகளை முளையாகக் கொண்டு கீழடுக்குகளின் வயதைக் கணக்கிட்டார். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் கி.மு. 200ஐ ஒட்டித்தான் தொடங்குகின்றன என்ற முடிவு வந்தது. கரிமக் காலக்கணிப்பு பரவிய பின் அது பல நூற்றாண்டுகள் பின்னே தள்ளப்பட்டது. அரிக்கமேட்டில் கிடைத்த உருளை அச்சு ஒப்பனைக் கலங்களை அவர் மத்தியதரைக் கடல் தொடர்புடையவை என்று கருதினார். களிமண் ஆய்வுகள் அவை இந்தியாவில் செய்யப்பட்டவை என்று பின்னர் காட்டின. 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடியும் அகழ்ந்த விமலா பெக்லி, உரோமானிய வணிகர் வருவதற்கு முன்பே அந்த ஊர் இருந்ததை நிறுவினார். வீலரின் விளக்கங்களை இப்படித் திருத்த முடிந்ததற்குக் காரணம் வீலரின் பதிவுகளே. எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

ஓடு சொல்வது

அகழாய்வில் மிகுதியாகக் கிடைப்பது பானை ஓடு. மரம் மட்கும், துணி மக்கும், உலோகம் உருக்கி மறுபடி வார்க்கப்படும்; சுட்ட மண்ணோ உடைந்தாலும் அழிவதில்லை. உடைந்ததை யாரும் திருடுவதும் இல்லை. பானை செய்யும் முறையும் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறுவதால், ஓட்டின் விளிம்பைப் பார்த்தே பழகிய கண்கள் ஏறத்தாழக் காலம் சொல்லிவிடும். தமிழகத்து இரும்புக்காலத்தின் அடையாளமான கறுப்பு-சிவப்புக் கலம் சூளையில் கவிழ்த்துச் சுடப்பட்டது. காற்றுப்படாத உட்புறமும் விளிம்பும் கறுத்தன. காற்றுபட்ட வெளிப்புறம் சிவந்தது.

சில ஓடுகளில் கீறல்கள் இருக்கும். அவற்றில் குறியீடுகளும் உண்டு, எழுத்துகளும் உண்டு. குறியீடுகள் குயவரின் அடையாளமா, உடைமையாளரின் அடையாளமா, வேறெதுவுமா என்ற வாதம் தொடர்கிறது. எழுத்துகள் தமிழி எனப்படும் தமிழ்ப் பிராமியில் அமைந்தவை. பெரும்பாலும் ஆள் பெயர்கள். கீழடியில் கிடைத்த ‘ஆதன்’ அப்படியொன்று. குகைத்தளத்தில் வணிகரும் மன்னரும் வெட்டுவித்த கல்வெட்டைவிட, சமையல் பானையின் தோளில் கீறப்பட்ட பெயருக்குச் சமூக வரலாற்றில் எடை அதிகம்; எழுத்தறிவு அரண்மனைக்கும் பள்ளிக்கும் வெளியே பரவியிருந்ததை அது காட்டுகிறது. செங்கடல் கரையில், எகிப்தின் குசேர் அல்-காதிம் என்ற பழந்துறைமுகத்தில் ‘பானை ஒறி’ என்று தமிழியில் எழுதப்பட்ட ஓடு கிடைத்ததும் இவ்வகைதான். உறியில் தொங்கிய பானையோடு தமிழ் பேசியவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அதே ஓடு பழம்பொருள் கடையொன்றில் கிடைத்திருந்தால் வெறும் வேடிக்கைப் பொருளாகவே இருந்திருக்கும்.

காலம் கணிப்பது

பொதுமக்களின் கவனம் அதிகம் குவிவது தேதியில்தான்; தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான்.

உயிருள்ளவரை மரமும் விலங்கும் வளிமண்டலத்திலுள்ள கதிரியக்கக் கார்பனை ஏற்றுக்கொண்டிருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும். இருப்பிலுள்ளது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும். 1940களின் இறுதியில் இந்த முறையை உருவாக்கிய வில்லார்ட் லிப்பிக்கு 1960இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முடுக்கி நிறை நிறமாலை முறை வந்தபின் சில மில்லிகிராம் கரியே போதும். ஒரு நெல்மணிகூடப் போதும். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றில் அளக்கக்கூடிய அளவு எஞ்சாது. கல், பானை, இரும்பு ஆகியவற்றை இம்முறையால் நேரடியாகக் கணிக்க இயலாது. அவற்றோடு கிடந்த கரியைத்தான் கணிக்கிறார்கள். கரிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எவ்வளவு உறுதியோ அவ்வளவே தேதியும் உறுதி.

ஆய்வுக்கூடம் தரும் எண் நேரடியான ஆண்டு அன்று. அவர்களின் ‘இன்று’ என்பது 1950ஆம் ஆண்டு. அதன் பிறகு நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தின் கார்பன் அளவைக் குலைத்துவிட்டன. மேலும், அந்தக் கார்பனின் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. வயது தெரிந்த மர வளையங்களோடு ஒப்பிட்டு உருவாக்கிய திருத்த வளைவைக் கொண்டு எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். இங்கேதான் தமிழகத் தொல்லியலுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைவு தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து மாதிரி எதுவானாலும் விடை ஓர் ஆண்டாகவோ பத்தாண்டாகவோ வராது. இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் பரவி நிற்கும்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையைப் படிக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். நான்காம் பருவத்தில் எடுக்கப்பட்ட ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580 என்ற காலம் வந்தது. செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் 580 என்ற எண் ஒரு பிறந்தநாளைப் போல நிலைத்துவிட்டது. அறிக்கை சொன்னது கி.மு. ஆறாம் நூற்றாண்டு, அந்தச் சொற்றொடரே அறிவியலுக்கு நெருக்கமானது. இதனால் கீழடியின் சிறப்பு எள்ளளவும் குறையவில்லை. ஒரு மாதிரியை வைத்து வரலாறு எழுதுவதில்லை என்பதால்தான் பின்வந்த பருவங்களிலும் மாதிரிகள் சோதிக்கப்பட்டன.

கரியைவிட நெல் நம்பகமானது. நூறு வயது மரத்தின் நடுத்தண்டை இன்று எரித்தால், அந்தக் கரி நூறாண்டு முந்தைய வயதைக் காட்டும். நெல்லோ ஓராண்டுப் பயிர். பழனிக்கு அருகே பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஓர் ஈமக்குழியில், நான்கு கால் சாடி ஒன்றில் நெல் இருந்தது. அதன் காலம் சுமார் கி.மு. 490 என்று வந்தது. அதே குழியில் தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்ததால், எழுத்தின் காலம் பற்றிய வாதத்துக்கு அந்த நெல் பெரும் துணையாயிற்று. சிவகளை என்ற ஊரில் ஒரு தாழிக்குள் கிடைத்த உமிக்குக் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளை மாதிரி ஒன்றைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. மாதிரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டது அதன் வலு. உலக இரும்பு வரலாற்றையே மாற்றக்கூடிய கூற்று என்பதால், மற்ற இடங்களிலிருந்தும் அதே காலம் தொடர்ந்து கிடைக்கும்வரை அறிஞர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

கரிமத்துக்கு எட்டாத தொலைவுக்கு வேறு வழிகள் உண்டு. மணல்துகள்மீது கடைசியாக எப்போது வெயில் பட்டது என்பதை ஒளிக்கிளர்வு முறை அளக்கிறது. மாதிரியை வெளிச்சம் படாமல் குழாயில் அடைத்து எடுக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் இவ்வகை முறையால் இடைப் பழைய கற்காலக் கருவிகளுக்கு சுமார் 3,85,000 ஆண்டுகள் என்று 2018இல் அறிவித்தனர். அதே இடத்தின் கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்பதை, புதைந்த கல்லில் அண்டக்கதிர் விட்ட தடயத்தைக் கொண்டு 2011இல் கணித்திருந்தனர்.

தோண்டிய பின்

அகழாய்வு தன் சான்றைத் தானே அழிக்கும் வேலை. ஒரு குழியை இரண்டாம் முறை தோண்ட முடியாது. அதனால்தான் நிலத்தில் ஒரு பகுதியை எப்போதும் தொடாமல் விட்டுவைக்கிறார்கள். நாளைய ஆய்வாளரிடம் இன்று இல்லாத கருவி இருக்கும். அழிந்ததற்கு ஈடாக மிஞ்சுவது அறிக்கை ஒன்றே. வீலர் அரிக்கமேட்டு அறிக்கையை அடுத்த ஆண்டே, 1946இல் வெளியிட்டார். கீழடியின் முதலிரு பருவங்களுக்கான 982 பக்க அறிக்கையை அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல்தான் கொடுத்தார். திருத்தம் கேட்டு இந்தியத் தொல்லியல் துறை அதை 2025இல் திருப்பியனுப்பியது. அதில் அரசியல் எவ்வளவு என்று பேசுவோர் பேசட்டும். அறிக்கை முழுமையாக வெளிவந்து, மண்ணடுக்கு வரைபடங்கள் எல்லார் மேசையிலும் விரியும்போதுதான் அந்த வாதம் தொல்லியல் வாதமாகும்.

பொதுமக்கள் பங்கேற்க இடம் நிறையவே இருக்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் பொருள்கள் கிடைத்த ஊருக்கு அருகிலேயே வைக்கப்பட்டுள்ளன. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, தாழி கிடந்த இடத்திலேயே கிடக்கும்படி காட்டுகிறார்கள். ஆனால் அதிகம் நேர்வது வேறு: வீட்டுக்கு வாணம் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ ஏதோ ஒன்று தட்டுப்படும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் புதைந்து கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லலாம். தெரிவிக்கும்வரை பொருளைக் கழுவக் கூடாது, தாழியைக் கவிழ்த்து உள்ளே இருப்பதைக் கொட்டக் கூடாது. உள்ளிருக்கும் மண்ணில் எலும்பும் உமியும் இருக்கலாம். இடத்தில் கிடக்கும்போதே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கைபேசியில் படமெடுத்து ஆழத்தையும் குறித்துக்கொள்வது ஆய்வாளருக்குப் பெரிய உதவி.

மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டியபோது மெருகேற்றிய கற்கோடரி ஒன்று வந்தது. அதில் சிந்துவெளி எழுத்தை ஒத்த குறிகள் இருந்தன. அவர் அதைத் துறையிடம் ஒப்படைத்தார். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதன் குறிகளைச் சிந்துவெளிக் குறிகளாகவே படித்தார். கோடரி அகழாய்வில் அடுக்கோடு வெளிவந்ததன்று. அது எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதற்குப் பதிவில்லை. துறை பின்னர் அவ்வூரில் முறைப்படி அகழ்ந்தும், அந்தக் கோடரியை எந்த அடுக்கோடும் இணைக்க வழியில்லை. அதன் காலமும் குறிகளின் பொருளும் இன்றும் வாதத்துக்குரியவையாகவே இருக்கின்றன.